பாறை விளிம்பில் ஒரு பட்டணம்

இங்கிலாந்து தேசத்துக்குப் போய்த் திரும்பியவர்களைக் கண்டால், "லண்டன் கோபுரத்தைப் பார்த்தீர்களா? அரண்மனை வாசலில் காவல் மாறுவதைப் பார்த்தீர்களா?" என்று விசாரிப்பது நம்மவர்களின் வழக்கம். நாமும் போய்த் திரும்பினோம். நம்மிடம் இவ்விதம் விசாரித்தவர்களுக்கெல்லாம், "இல்லை, நாற்றம் பிடித்த ஒரு பாறையைப் பார்த்துவிட்டு வந்தோம்" என்று பதில் சொன்னோம். அவர்கள் அப்போது நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாறையைப் பற்றி நேயர்களிடம் சொல்லாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்ஷயர் மாகாணத்தில், பெம்ப்டன் என்று ஒரு சிறு கிராமம் இருக்கிறது. ஹல் துறைமுகத்திலிருந்து வடக்கே ஸ்கார்பரோவுக்குப் போகும் ரயிலில் ஏறினால், பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் அதுதான். ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு பிற்பகல் நாம் அங்கே போய் இறங்கினோம். லீட்ஸ் நகரில் வைத்தியம் செய்யும் நம் நண்பரும், அவருடைய மனைவியும், பத்து வயதுப் பெண் குழந்தையும் நம்முடன் வந்திருந்தார்கள். அன்றிரவு பிரிட்லிங்டனில் தங்குவதாக ஏற்பாடு.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஒன்றரை மைல் நடை. இரு புறமும் கோதுமை வயல்கள். கடல் இருப்பதற்கான அடையாளமே கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாவில் அறுவடைக்கு முன் நடந்து போவது போலிருந்ததென்று சொன்னால், குளிர்காற்றை மட்டும் மன்னிக்க வேண்டியிருக்கும். நண்பருடைய மனைவி இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் ஒரு சால்வையும் போர்த்திக் கொண்டு, "இதற்குப் பெயர் கோடைகாலமாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் நம்மை எதிர்கொண்டது நாற்றம். கருவாட்டுச் சந்தையையும் துப்புரவில்லாத மாட்டுத் தொழுவத்தையும் சேர்த்துக் காய்ச்சி வடித்தால் அந்த நாற்றம் வரக்கூடும். அடுத்தாற்போல் வந்தது சத்தம். தேர்த் திருவிழாவுக்கு ஊர் முழுவதும் திரண்டு, ஆளுக்கொரு தகராறு செய்துகொண்டிருந்தால் நாலு தெருவுக்கு அப்பால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒரு இரைச்சல். அப்புறம், நாம் நடந்துகொண்டிருந்த தரை ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. மரத்தால் ஆன கைப்பிடி வேலி ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். கீழே, வெகு ஆழத்தில், சமுத்திரம்.

இந்தச் செங்குத்துப் பாறைகள் முழுவதும் வெண்சுண்ணாம்பு. பிளாம்பரோ முனையிலிருந்து வடமேற்கே பல மைல் தூரத்துக்கு மதில் கட்டியது போல் நிற்கின்றன. சில இடங்களில் உயரம் நூறு மீட்டருக்கு மேல். அதாவது 330 அடிக்குக் குறையாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இன்னொரு பாதி விமானத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தால் ஒருவாறு சரியாக இருக்கும். அந்த மதிலில் ஒரு சாண் அகலம் விளிம்பு இருந்தால் அதில் ஒரு பறவை இருக்கிறது. விளிம்பு இரண்டு சாண் இருந்தால் பறவைகளுக்குள் சண்டை இருக்கிறது. மார்ச்சு முதல் அக்டோபர் வரையில் சுமார் ஐந்து லட்சம் கடற்பறவைகள் இங்கே வந்து போவதாகக் கணக்கு. சென்னையில் வீடு கிடைக்காமல் அலைகிறவர்கள் இந்த இடத்தை வந்து பார்த்தால் ஓரளவு ஆறுதல் அடைவார்கள்.

"வேடந்தாங்கலில் மரத்தின்மேல் கூடு கட்டியிருக்குமே, மாமா! இங்கே மரமே இல்லையே?" என்று குழந்தை கேட்டாள். சென்ற வருஷம் விடுமுறையில் அவளை அங்கே அழைத்துப் போயிருந்தார்களாம். நல்ல கேள்விதான். இந்தப் பறவைகள் வருஷத்தின் பெரும் பகுதியைத் திறந்த கடலிலேயே கழிப்பவை. நிலம் அவற்றுக்குத் தேவைப்படுவது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கு மட்டுந்தான். நரியும் கீரியும் ஏற முடியாத இடமாக இருந்தால் போதும், மரம் வேண்டியதில்லை.

பட்டணம் என்று சொன்னோமல்லவா? அதில் ஜாதிக்கொரு மாடி உண்டு. அகலமான மேடைகளில் குடியிருப்பவை கானெட் என்னும் பெரிய வெண்பறவைகள். மஞ்சள் பூசிய தலை, மையில் தோய்த்தது போன்ற இறக்கை நுனி. விரித்த இறக்கையின் அகலம் ஏறக்குறைய ஆறடி. நூறடி உயரத்திலிருந்து இறக்கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஈட்டி பாய்வது போல் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் மோதினால் மூக்குக்குள் ஏறாமலிருக்க, வெளிப்புறத்தில் மூக்குத் துவாரமே கிடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் மெத்தை போல் அமைந்திருக்கின்றன. இவ்வளவு பராக்கிரமசாலி, முட்டையை அடைகாப்பது தன் பாதங்களால்! சவ்வு படர்ந்த இரண்டு கால்களையும் முட்டையின் மேல் வைத்து மூடிக்கொண்டு நிற்கும். துணைப் பறவை கடலிலிருந்து திரும்பி வந்ததும் இரண்டும் கழுத்தை நீட்டி, அலகோடு அலகைத் தட்டிக் குசலம் விசாரிப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கிலாந்தின் பெருநிலக் கரையில் கானெட்டுகள் கூடு வைத்திருக்கும் இடம் இது ஒன்றே. 2017-ம் வருஷக் கணக்கில் 13,000 ஜோடிகளுக்கு மேல் இருந்தன.

பாறை இடுக்குகளில் ஒளிந்திருப்பவை பஃபின்கள். நாடகத்தில் விதூஷகன் வேஷம் போட்டது போல் பல வர்ண அலகு உடையவை. நம்மோடு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் இந்தக் கோமாளியைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார்கள். நமக்கு மூன்று பஃபின்கள் தரிசனம் தந்தன. அவற்றில் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பிரபலமானவர்களைப் பார்க்கப் போனால் இப்படித்தான்.

நம் மனத்தைக் கவர்ந்தவை வேறு இரண்டு ஜாதிகள். ஒன்று கிட்டிவேக். இது கடற்காக இனத்தைச் சேர்ந்தது. "கிட்டி-வேக், கிட்டி-வேக்" என்று தன் பெயரைத் தானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சாதம் வடிக்கும் தட்டு அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பாறை நுனியில் சேற்றையும் புல்லையும் கொண்டு வந்து ஒட்டி, கிண்ணம் போல் கூடு கட்டும். மற்றக் கடற்காகங்களின் குஞ்சுகள் பயம் ஏற்பட்டால் கூட்டை விட்டு ஓடி ஒளியும். கிட்டிவேக் குஞ்சு ஓடுவதில்லை. ஓடினால் எங்கே போய் விழும் என்பது அதற்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது! பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். எஸ்தர் கலன் என்னும் பெண்மணி பார்ன் தீவுகளில் இந்தப் பறவைகளின் அருகே இருந்து ஆராய்ந்து, செங்குத்துப் பாறையில் வாழ்வதனால் இந்த ஜாதியின் நடத்தை எவ்வாறெல்லாம் மாறியிருக்கிறதென்பதை 1957-ல் எழுதி வெளியிட்டார். பறவை நூல் கற்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள்.

இன்னொன்று கில்லமாட். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நின்றால் கறுப்புக் கோட்டு அணிந்த வக்கீல் போலிருக்கும். கூடு என்று ஒன்று கட்டுவதே இல்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் இருபது பறவைகள் வரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நாம் பார்த்துக்கொண்டிருந்த விளிம்பில் வந்து இறங்கிய ஒவ்வொரு பறவையும் நாலு பேர் தலையில் மிதித்து, எட்டுப் பேரிடம் குத்து வாங்கிக்கொண்டுதான் தன் இடத்துக்குப் போயிற்று. பிளாட்பாரத்தில் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த முட்டையைப் பற்றித் தனியாக ஒரு வியாசம் எழுதலாம். ஒரு புறம் பருத்து மறு புறம் கூம்பியிருக்கும். உருண்டால் பம்பரம் போல் வட்டமிடுமேயன்றிப் பாறையை விட்டு விழாது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். டிம் பர்க்ஹெட் என்னும் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உருண்டு வட்டமிடுவது அல்ல, சாய்வான பாறையில் உருளாமலே நிலைத்து நிற்பதுதான் அந்த உருவத்தின் பயன் என்று காட்டினார்கள். முட்டையின் நிறமோ ஒன்றைப் போல் ஒன்று இராது. நீலம், பச்சை, வெள்ளை, செம்பழுப்பு. அதன் மேல் புள்ளிகளும் மைக்கிறுக்கல்களும். ஒரு பறவை வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே கோலமுள்ள முட்டையைத்தான் இடும். நெருக்கத்தில் தன் முட்டை எது என்று அது கண்டுகொள்வது இந்தக் கோலத்தினால்தான்.

இந்தக் கோலமே அந்த முட்டைக்குச் சத்துருவும் ஆயிற்று. பெம்ப்டன் கிராமத்தில் "கிளிம்மர்" என்று ஒரு தொழிலாளர் கூட்டம் இருந்தது. ஏறுகிறவர் என்பதற்கு அவ்வூர்ப் பேச்சு. மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் பாறையில் இறங்குவார். மற்றவர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கல் விழுந்தால் தலை தப்ப வேண்டுமென்று தொப்பிக்குள் துணியைத் திணித்துக்கொள்வார். எந்தக் கோஷ்டிக்கு எந்தப் பாறை என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கூடை கூடையாக முட்டை மேலே வரும். பெரும்பாலானவை சாப்பாட்டுக்கு, வெள்ளைக் கருவில் ஒரு பகுதி தோலுக்கு மெருகேற்றும் தொழிலுக்குப் போயிற்று. நிறத்தில் அபூர்வமானவற்றை, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கும் கனவான்கள் பாறை மேட்டிலேயே காத்திருந்து போட்டி போட்டு வாங்கினார்கள். 1954-ல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தொழில் நின்றது.

கேட்டவுடன் நண்பருடைய மனைவி, "பாவிகள்!" என்றார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

நாம் வந்த அந்த ரயில் பாதை 1840-களில் போடப்பட்டது. ரயில் வந்ததும், பெருநகரங்களிலிருந்து துப்பாக்கியும் கையுமாக உல்லாசிகள் பிரிட்லிங்டனில் வந்து இறங்கலானார்கள். படகு வாடகைக்குக் கிடைத்தது. பாறையின் அடியில் படகை நிறுத்திக்கொண்டு, குஞ்சுக்கு மீன் கொண்டு வரும் பறவைகளைச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. சுட்டதை எடுத்துச் சாப்பிடுவதற்குக்கூட அல்ல. எத்தனை விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பதற்கு. மேலே விளிம்பில் குஞ்சுகள் பட்டினி கிடந்து செத்தன. கிட்டிவேக்கின் வெள்ளை இறக்கைக்கு வேறொரு கிராக்கியும் இருந்தது: சீமாட்டிகளின் தொப்பிகள். கயிற்றில் தொங்கிய கிளிம்மர் எடுத்தது முட்டையை. பறித்த முட்டைக்குப் பதிலாகக் கில்லமாட் இரண்டு வாரத்தில் இன்னொன்று இடும். துப்பாக்கிக்காரன் எடுத்தது தாயை. அதற்குப் பதில் ஏது?

இதைக் கண்டு முதலில் கொதித்தவர்களில் ஒருவர் பிரிட்லிங்டன் பாதிரியார் ஹென்றி பார்ன்ஸ்-லாரன்ஸ். 1868-ல் அவர் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கடற்பறவைகளைக் காப்பதற்கு ஒரு சங்கம் ஸ்தாபித்தார். அதே வருஷத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பிரெட் நியூட்டன், நார்விச் நகரில் கூடிய விஞ்ஞான மகாசபையில், குஞ்சு பொரிக்கும் காலத்தில் பறவைகளைக் கொல்வதைக் கண்டித்துப் பேசினார். கிறிஸ்டோபர் சைக்ஸ் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் மசோதாவைக் கொண்டு வந்தார். 1869-ல் அது சட்டமாயிற்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு முதல் தேதி வரையில் கடற்பறவைகளைச் சுடக்கூடாது. மீறினால் ஒரு பறவைக்கு ஒரு பவுன் வரையில் அபராதம். காட்டுப் பறவைகளைப் பாதுகாக்க அந்த நாட்டில் இயற்றப்பட்ட முதல் சட்டம் இதுவே என்று சொல்கிறார்கள்.

கருணை ஒன்றினால் மட்டும் அந்தச் சட்டம் நிறைவேறியது என்று நாம் நேயர்களை நம்பச் சொல்லவில்லை. மூடுபனி கவிந்த நாட்களில் பறவைகளின் கூச்சலைக் கேட்டு, பாறை அருகிலிருக்கிறதென்று மாலுமிகள் கப்பலைத் திருப்பிக்கொள்வார்களாம். "பிளாம்பரோ வழிகாட்டிகள்" என்றே அவற்றுக்குப் பெயர். மீன் கூட்டம் எங்கே இருக்கிறதென்பதையும் செம்படவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவை அவைதாம். கப்பலுக்கும் மீனுக்கும் நஷ்டம் என்றதும் சட்டசபையில் கருணை சுரந்தது. அதில் தவறொன்றும் இல்லை. நம்முடைய வேடந்தாங்கல்வாசிகளும் பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்துதான் தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டைக்காரனை விடாமல் காத்து வந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. முட்டை எடுப்பதை அது தடுக்கவில்லை. கடற்பறவைகளைத் தின்றே உயிர் வாழ்ந்த செயிண்ட் கில்டா என்னும் ஏழைத் தீவுக்கு முழு விலக்கும் கொடுத்தது. வேடிக்கைக்குச் சுட்டவனுக்கு அபராதம், வயிற்றுக்கு எடுத்தவனுக்கு மன்னிப்பு! சட்டசபைகளில் இம்மாதிரி அபூர்வமாகத்தான் நடக்கும். முட்டை எடுத்தது பறவைகளுக்கு நன்மை என்று நாம் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு நாள் நிற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க நமக்குச் சம்மதமில்லை.

தொப்பி விவகாரம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. 1889-ல் மாஞ்செஸ்டருக்கு அருகில் டிட்ஸ்பரி என்னும் ஊரில் எமிலி வில்லியம்சன் என்ற மாது, இறகு வைத்த தொப்பி அணிவதில்லையென்று மற்ற ஸ்திரீகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெண்கள் சேர்ந்து செய்த அந்த அந்நியப் பொருள் பகிஷ்காரந்தான் பின்னால் ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. "அந்நியப் பொருள்" என்று நாம் எழுதியது கைப்பிசகு அல்ல. அந்தத் தொப்பிகளுக்கு நம் நாட்டுக் கொக்குகளின் இறகும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிக் கொண்டிருந்தது. 1902-ல்தான் இந்திய சர்க்கார் பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதியாவதைத் தடுத்தார்கள். பெம்ப்டன் பாறையின் மேல் நாம் கைப்பிடித்து நின்ற வேலி இன்று அந்தச் சங்கத்தைச் சேர்ந்தது.

வேலியோரத்தில் ஒரு முதியவர் முக்காலியின் மேல் பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக் கொண்டிருந்தார். சம்பளமில்லாத தொண்டர். குழந்தைக்கு எட்டவில்லையென்று கண்டு, முக்காலியைத் தாழ்த்திக் கொடுத்தார். 2021-லும் 2022-லும் இந்தப் பாறைக்கு ஒரு விருந்தாளி வந்த கதையை அவர்தான் சொன்னார். கறும்புருவ அல்பட்ரோஸ், பூமத்திய ரேகைக்குத் தெற்கே, பாக்லாந்துத் தீவுகளின் பக்கத்தில் இருக்க வேண்டிய பறவை. எப்படியோ வழி தப்பி வட சமுத்திரத்துக்கு வந்துவிட்டது. தன் ஜாதிப் பெண் ஒன்றுகூட இல்லாத இந்தக் கரையில், கானெட்டுகளின் நடுவே வந்து வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்றாம். பார்ப்பதற்குத் தேசமெங்கிலுமிருந்து ஜனங்கள் திரண்டார்களாம். "பாவம், தனியாகவா?" என்று குழந்தை கேட்டாள். தனியாகத்தான்.

"1869-ல் சட்டம் வந்தது, 1954-ல் சட்டம் வந்தது, இனி இவற்றுக்கு என்ன கவலை?" என்று நாம் அந்த முதியவரிடம் கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கிட்டிவேக்குகள் இருந்த பக்கம் கண்ணாடியைத் திருப்பி, கூடுகளை எண்ணிப் பார்க்கும்படி சொன்னார். சில கூடுகளில் இரண்டு குஞ்சு, சிலவற்றில் ஒன்று. சேற்றுக் கிண்ணம் மட்டும் இருந்து, குஞ்சு ஒன்றும் இல்லாதவையும் இருந்தன.

கிட்டிவேக் தண்ணீரின் மேல் மட்டத்தில் அகப்படுவதைத்தான் பிடிக்கும்; கில்லமாட் போல் நூறு மீட்டர் ஆழத்துக்கு முக்குளிக்க அதற்குத் தெரியாது. அதன் குஞ்சுகளுக்கு முக்கிய ஆகாரம் மணல் விலாங்கு என்று சொல்லப்படும் வெள்ளி நிறச் சிறு மீன். பெயர்தான் விலாங்கே ஒழிய விலாங்கு அல்ல. கடலடி மணலில் புதைந்து கிடப்பது. வட சமுத்திரம் சூடேற ஏற, அந்த மீன் தின்னும் நுண்ணிய பிராணிகள் மாறிப் போகின்றன, மீனும் மெலிகிறது. போதாக்குறைக்கு, மனிதர்கள் இதை டன் கணக்கில் வாரி எண்ணெயும் தீவனமும் ஆக்கினார்கள். வளர்ப்பு மீனுக்கும் பன்றிக்கும் போடுவதற்காகக் கடற்பறவையின் குஞ்சு வாயிலிருந்து பிடுங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. 2017-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கிட்டிவேக்கை அழிவு அபாயத்துக்கு இலக்கான இனங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. உலகத்தில் அவற்றின் தொகை 1970-களுக்குப் பிறகு சுமார் நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் பெருநிலக் கரையில் இந்தப் பறவைகளின் மிகப் பெரிய குடியிருப்பு நாம் நின்றுகொண்டிருந்த பாறைதான்.

2024-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வட சமுத்திரத்தின் ஆங்கிலப் பகுதியிலும், ஸ்காத்லாந்து சர்க்கார் தங்கள் கடல் முழுவதிலும் மணல் விலாங்கு பிடிப்பதைத் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய யூனியன் இதை ஆட்சேபித்து மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. மத்தியஸ்தர்கள் 2025-ல் தீர்ப்புச் சொன்னபோது, ஆங்கிலக் கடல் சம்பந்தமாக முடிவு செய்த முறையில் ஒரு குறை கண்டார்களேயன்றி, தடையை எடுத்துவிடும்படி சொல்லவில்லை. ஒரு சாண் நீளமுள்ள மீனுக்காக இரண்டு பெரிய சர்க்கார்கள் வழக்காடினார்கள் என்று கேட்டு நம் நண்பர் சிரித்தார். முதியவர் சிரிக்கவில்லை.

கானெட்டுகளுக்கு வந்த ஆபத்து வேறு விதம். கோழிப் பண்ணைகளில் தோன்றிப் பரவிய பறவைக் காய்ச்சல் 2022-ல் கடற்பறவைக் குடியிருப்புகளில் புகுந்தது. ஸ்காத்லாந்துக் கரையில் பாஸ் ராக் என்று ஒரு தீவு. நோய் வருமுன் உலகத்திலேயே மிகப் பெரிய கானெட் குடியிருப்பாக இருந்தது அதுதான். அங்கே 2014-ல் சுமார் 75,000 கூடுகள் இருந்தன. 2023-ல் எண்ணியபோது சுமார் 52,000. நோய் கண்டு பிழைத்த சில பறவைகளுக்கு, வெளிர் நீலமாயிருக்க வேண்டிய கண்மணி கறுப்பாக மாறிப் போயிற்று. நம் எதிரில் இருந்த கூட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. முதியவர் காட்டிய திசையில் நாம் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மற்றப் பறவைகளைப் போலவே அதுவும் துணையோடு அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் இரண்டு கரித்துண்டுகள்.

துப்பாக்கிக்காரனைத் தடுக்க ஒரு பாதிரியாரும் ஒரு பார்லிமெண்டு அங்கத்தினரும் ஒரு பவுன் அபராதமும் போதுமானதாக இருந்தன. சமுத்திரத்தின் சூட்டுக்கு யாருக்கு அபராதம் போடுவது? நாம் லீட்ஸிலிருந்து ரயிலில் வந்தவர்கள். சென்னையிலிருந்து ஆகாய விமானத்தில் வந்தவர்கள். நாமே அந்த அபராதத்தில் ஒரு பங்குக்குக் கடன்பட்டவர்கள் என்று தோன்றிற்று. தோன்றியதைச் சொல்லிவிட்டோம்.

மணி எட்டரை ஆயிற்று. அந்த நாட்டில் ஜூலை மாதத்தில் ஒன்பதரை மணி வரையில் வெளிச்சம் இருக்கும். கூட்டம் கலைந்துவிட்டது. நாமும் புறப்படத் தயாரானோம். முதியவர் குழந்தையைக் கூப்பிட்டு, கீழே ஒரு விளிம்பைக் காட்டினார்.

அங்கே ஒரு கில்லமாட் குஞ்சு நின்றது. பிறந்து மூன்று வாரம் இருக்கலாம். தாய் தகப்பன் எடையில் கால் பங்குதான் இருக்கும். இறக்கை இன்னும் முளைக்கவில்லை; முளைத்திருந்தது எல்லாம் இரண்டு குட்டை விசிறிகள். ஆனாலும் அது அன்றிரவு குதித்தாக வேண்டும். பறக்கக் கற்றுக்கொள்ளும் வரையில் அந்த விளிம்பில் வைத்து மீன் ஊட்டிக் கட்டுபடியாகாது. ஆகையால் அந்தி வேளையில் தகப்பன் முதலில் கீழே கடலில் போய் இறங்கிக் கூப்பிடும். குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே பெற்றோரின் குரலைக் கேட்டுப் பழகியது. பத்தாயிரம் குரல்களுக்கு நடுவே அந்த ஒரு குரல் அதற்குத் தெரியும்.

குஞ்சு விளிம்புக்கு வந்தது. கீழே பார்த்தது. பின்னால் போயிற்று. மறுபடியும் வந்தது. மெல்லிய சீழ்க்கை போல் அது கத்துவது நமக்குக் கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்தது. கீழே கறுப்பும் வெள்ளையுமாக நூற்றுக்கணக்கான பறவைகள் மிதந்து கூவிக்கொண்டிருந்தன. பெரிய கடற்காகம் ஒன்று பாறையை ஒட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அது எதற்காகக் காத்திருந்தது என்பதைக் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அம்மாவின் சால்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததிலிருந்து, அவளுக்கே தெரிந்துவிட்டது என்று ஊகித்தோம்.

"வேண்டாம்! இரு, இரு!" என்று அவள் தமிழில் சொன்னாள்.

குஞ்சு குதித்துவிட்டது. குட்டை விசிறிகளை அடித்துக்கொண்டு, விழுவதற்கும் பறப்பதற்கும் இடையில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு, ஒரு பாறை முட்டில் பட்டுப் புரண்டு, கடலில் போய் விழுந்தது. கடற்காகம் சாய்ந்து இறங்கிற்று. நாம் மூச்சு விடவில்லை. அடுத்த கணத்தில் நீரிலிருந்து ஒரு கறுத்த பறவை அலகை உயர்த்திக்கொண்டு அதன் குறுக்கே பாய்ந்தது. கடற்காகம் விலகிப் போயிற்று. அலை ஒன்று எழும்பித் தாழ்ந்தது. அப்புறம் பார்த்தால், பெரிய புள்ளி ஒன்றும் அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் சிறிய புள்ளி ஒன்றும் கரைக்கு முதுகைக் காட்டி நீந்திக்கொண்டிருந்தன.

"அது அம்மாவா?" என்று குழந்தை கேட்டாள்.

"இல்லை; அப்பா. இரண்டு மாதம் வரையில் கடலிலேயே வைத்து மீன் கொடுத்து வளர்ப்பது அப்பாதான்" என்றார் முதியவர்.

நம் நண்பர் சற்று நிமிர்ந்து நின்றதை அவர் மனைவி கவனித்தார்.

"அப்போது அம்மா?"

அம்மா இன்னும் இரண்டு வாரத்துக்கு அந்த விளிம்பிலேயே இருக்கும் என்றும், வருஷா வருஷம் திரும்பி வருகிற அந்த இரண்டு சாண் இடத்தை வேறு யாரும் பிடித்துக்கொள்ளாமல் காவல் காக்கும் என்றும் அவர் சொன்னார்.

புள்ளிகள் இரண்டும் அலைகளுக்கிடையில் மறைந்து போயின. குளிர் அதிகமாயிற்று, பிரிட்லிங்டனுக்குப் போக வண்டி வந்து காத்திருப்பதாக நண்பர் அவசரப்படுத்தினார். குழந்தை மட்டும் நகரவில்லை. கண்ணாடியை மேலே திருப்பி, ஒன்றைப் போலவே ஒன்று இருந்த அத்தனை முகங்களுக்குள் அந்த அம்மா எது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள்.